சோதனைக் குலுக்கலில் வந்த எண்

(அருப்புக்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னக் கேள்வி. லாட்டரி நடத்துகிறவர்கள் மெய்யான குலுக்கலுக்கு முன்னால் எந்திரத்தைச் சில தடவை வெறுமனே ஓட்டிப் பார்ப்பதுண்டு. பந்துகள் நன்றாகப் புரள்கின்றனவா, குழாயில் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றனவா என்று பார்க்கத்தான். இதற்குச் சோதனைக் குலுக்கல் என்று பெயர். அமெரிக்க மாநில லாட்டரிகளில் தணிக்கையாளர் பக்கத்தில் நிற்க, வாடிக்கையாக இது நடக்கிறது. அந்தச் சோதனையில் விழுந்த எண்கள், அடுத்து வரப்போகும் மெய்யான எண்ணைத் தொடுமா, தொடாதா?

லாட்டரியே இல்லாத தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1968-ல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற அந்நாளைய முழக்கம் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சான நம் மாவட்டத்துச் சிவகாசியிலேயே லாட்டரிச் சீட்டும் அச்சானது. பஸ் ஸ்டாண்டுகளில் கயிறு கட்டிச் சீட்டுகளைத் தொங்கவிட்டு, மைக்கில் கூவிக் கூவி விற்றார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. சீட்டுக் கடைகள் போய்விட்டன. எண் மேல் இருந்த ஆசை போகவில்லை.

மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசின் லாட்டரி நடந்துகொண்டே இருக்கிறது. 1967-ல் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தி, முதல் பரிசாக 50,000 ரூபாய் கொடுத்த லாட்டரி அது. இன்றைக்குத் திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் பிற்பகல் 3 மணி வாக்கில் குலுக்கல். அங்கே வருகிற பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்துக்கொண்டுதான் தமிழ்நாட்டின் பல ஊர்களில் திருட்டுத்தனமாக மூணு நம்பர் ஆட்டம் நடக்கிறது. அதில் அரசுச் சீட்டு கைமாறுவதில்லை. துண்டுத்தாளில் மூன்று இலக்கம், அல்லது வாட்ஸாப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். ஏ, பி, சி போர்டு என்று ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகவும் பணம் கட்டலாம். 1998-ன் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தரக்கூடாது என்று மாநில அரசுகளுக்கே தடை போட்டிருக்கிறது. அரசு செய்யக்கூடாது என்று விலக்கிய ஆட்டம் டீக்கடை ஓரத்தில் நடக்கிறது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், சின்னக் குழந்தைகள் உட்பட, இந்த மூணு நம்பர் கடனால் ஒரே இரவில் இல்லாமல் போனதை நாளிதழ்களில் படித்தோம். அதற்குப் பிறகு இதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

நம் பருத்திக்கும் இந்த எண் சூதுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தியில் பம்பாய்க்கு வரும். அந்த விலையின் இலக்கங்கள் மேல் பந்தயம் கட்டினார்கள். 1961-ல் அந்த விலை வருவது நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. 1962-ல் கல்யாண்ஜி பகத்தும், 1964-ல் ரத்தன் கத்ரியும் தாங்களே சீட்டெடுத்து எண்ணைச் சொல்லும் மட்காவாக அதை மாற்றினார்கள். பருத்தி விலை இருந்தவரை அந்த எண் எங்கோ ஆயிரக்கணக்கான பேர் வாங்கி விற்றதில் பிறந்தது. மட்காவில் அது ஒரு மனிதரின் கையிலிருந்து பிறந்தது. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி கேள்விக்கு வருகிறேன். சோதனைக் குலுக்கல் பற்றி ஆடுகிறவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. சோதனையில் 4, 7, 2 வந்துவிட்டதா, அந்த எண் செலவாகிவிட்டது, இன்றைக்கு வராது, அதை விட்டுவிட்டுக் கட்டு என்பது ஒரு கட்சி. எந்திரம் இன்று 4, 7, 2 பக்கம் சாய்ந்திருக்கிறது, அதையே கட்டு என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டையும் ஒரே ஆள் வாரத்துக்கொரு தடவை மாற்றி மாற்றி நம்புவதும் உண்டு. நான் சொல்ல வந்தது, இரண்டுமே தப்பு. ஆனால் சோதனைக் குலுக்கல் வழியாக முடிவைக் கெடுக்க ஒரே ஒரு வாசல் இருக்கிறது. அதைக் காட்டாமல் இறங்கமாட்டேன்.

மூன்று கண்ணாடி டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை பத்துப் பந்துகள். காற்று ஊதுகிறது, பந்துகள் துள்ளுகின்றன, ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு பந்து மேலே ஏறி வருகிறது. சோதனை முடிந்ததும் அந்தப் பந்தை எடுத்து மறுபடி உள்ளே போடுகிறார்கள். எல்லாமே இந்தத் திருப்பிப் போடுவதில்தான் இருக்கிறது. சீட்டாட்டத்தில் விழுந்த சீட்டை ஒதுக்கி வைத்தால், மிச்சச் சீட்டுகளின் கணக்கு மாறும். ரம்மி ஆடுகிறவர் விழுந்த சீட்டை நினைவில் வைப்பது நியாயமான புத்திசாலித்தனம். இங்கே 7 வெளியே வந்தது, உள்ளே போனது, மறுபடியும் பத்துப் பந்துகள். தான் இப்போதுதான் வெளியே போய்வந்தோம் என்று அந்தப் பந்துக்கு எதில் பதிவாகும்? அதற்கு இருப்பதெல்லாம் எடையும் அளவும் மேற்பரப்பும்தான். நாலு தடவை சுழன்றதில் தேய்மானம் வராதா என்று கேட்டால், வருஷக்கணக்கில் சுழன்றால் வரும். அதற்காகத்தான் பந்துகளை எடை போடுகிறார்கள், மாற்றுகிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட பந்துத் தொகுதியும் எந்திரமும் வைத்துக்கொண்டு எதைப் பயன்படுத்துவது என்பதையும் குலுக்கியே முடிவு செய்கிறார்கள்.

நம் சம்சாரிக்கு இதைச் சொல்ல முளைப்புச் சோதனையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விதைப்புக்கு முன்னால் மூட்டையிலிருந்து நூறு விதையை எண்ணி எடுக்கிறோம். ஈரச் சாக்கில் பத்துப் பத்தாக வரிசை பிடித்து வைத்து, சுருட்டி, நிழலில் போட்டுத் தண்ணீர் தெளிக்கிறோம். சில நாள் கழித்துப் பிரித்தால் எண்பது முளை விட்டிருக்கிறது. சரி, இந்த மூட்டை தேறும் என்று முடிவு செய்கிறோம். நாளைக்குக் காட்டில் விழப்போகிற எந்த விதை முளைக்கும், எது அழுகும் என்று அந்தச் சாக்கிடம் யாரும் கேட்பதில்லை. சாக்கில் முளைத்துவிட்டதால் காட்டில் முளைக்காது என்றும் யாரும் பயப்படுவதில்லை. சோதனை மூட்டையைப் பற்றியது. சோதனைக் குலுக்கலும் அப்படியே எந்திரத்தைப் பற்றியது. அதிலிருந்து நாளைய எண்ணைக் கேட்பது, சாக்கிடம் போய்க் காட்டு விதையை விசாரிப்பது.

அப்படியானால் சோதனையில் வந்த இலக்கம் மெய்யான குலுக்கலிலும் அடிக்கடி வருகிறதே, நானே பார்த்திருக்கிறேன் என்பவர்களுக்கு என்ன பதில்? அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அடிக்கடி வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு நாலு சோதனை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோதனை எண்ணும் மெய்யான எண்ணும் ஒரே இடத்தில் ஓர் இலக்கத்தில்கூடப் பொருந்தாமல் போக, பத்தில் ஒன்பது என்பதை மூன்று முறை பெருக்க வேண்டும். 1000-க்கு 729. நாலு சோதனையும் ஒன்றுகூடப் பொருந்தாமல் போக, அந்த 0.729-ஐ நாலு முறை பெருக்க வேண்டும். ஏறத்தாழ 0.28 வரும். அதாவது நூறு நாளில் 28 நாள்தான் ஒன்றும் பொருந்தாது. மிச்சம் 72 நாளில் ஏதாவது ஒரு சோதனையில் வந்த ஏதாவது ஓர் இலக்கம் அதே இடத்தில் மெய்யான குலுக்கலிலும் நிற்கும். எந்த மர்மமும் வேண்டாம், வெறும் தற்செயலே இதைச் செய்துவிடும். இலக்கம் இடம் மாறி வந்தாலும் சேர்த்துக்கொள்வேன் என்றால் இன்னும் கூடும். பத்து நாளில் ஏழு நாள் பொருந்துவதைக் கண்ணால் பார்க்கிற மனிதர் நம்பாமல் என்ன செய்வார்?

மூன்று இலக்கமும் அப்படியே வருவதைப் பார்ப்போம். நாலு சோதனையில் ஒன்றோடு முழுதாகப் பொருந்த 250-ல் ஒரு வாய்ப்பு. தினம் ஒரு குலுக்கல் என்றால் வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நாள். அப்படி விழுந்த அந்த ஒரு நாளைப் பற்றி ஊரெல்லாம் பேசும். மிச்சம் முந்நூற்று அறுபத்துச் சொச்சம் நாளைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் இருக்காது.

இது இந்த ஊருக்கோ படிக்காதவர்களுக்கோ மட்டும் உரிய மயக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. பிரெஞ்சுக் கணிதமேதை லாப்லாஸ், நெடுநாள் வராத எண்ணைத் தேடிக் கட்டும் தன் நாட்டு லாட்டரிக்காரர்களைப் பற்றி 1814-லேயே எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் மூன்று இலக்க ஆட்டத்தின் விற்பனைக் கணக்கை எடுத்துச் சார்லஸ் கிளாட்ஃபெல்டர், பிலிப் குக் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 1993-ல் வெளியிட்டார்கள். ஓர் எண் பரிசு பெற்ற உடனே அந்த எண்ணில் கட்டும் பணம் சட்டென்று சரிகிறது. பழைய நிலைக்கு வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. ஒரு மாநிலமே, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல், வந்த எண் செலவாகிவிட்டது என்று நம்புகிறது.

இத்தாலியில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே சில நகரங்களுக்குத் தனித்தனிச் சக்கரம், 90 எண்களில் ஐந்தை எடுப்பார்கள். வெனிஸ் சக்கரத்தில் 53 என்ற எண் வரவே இல்லை. மாதங்கள் ஓடின. இனி வந்தே தீரும் என்று நாடே அதில் பணத்தைக் கொட்டியது. சேமிப்பைக் கரைத்தவர்கள், கடனில் மூழ்கியவர்கள், உயிரை விட்டவர்கள் எல்லாரும் உண்டு. 182 குலுக்கல்கள் வராமல் போன பிறகு 2005 பிப்ரவரி 9 அன்று அது வந்தது. அந்த ஒவ்வொரு குலுக்கலிலும் 53-க்கு இருந்த வாய்ப்பு 18-ல் ஒன்று. முதல் நாளும் அதுதான், நூற்று எண்பதாவது நாளும் அதுதான். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சாட்சி சொல்கிறேன். பல்கேரியாவில் 2009 செப்டம்பர் 6 அன்று வந்த 4, 15, 23, 24, 35, 42 என்ற ஆறு எண்களும் அடுத்த குலுக்கலில், செப்டம்பர் 10 அன்று, அப்படியே மறுபடி வந்தன. வந்த எண் வராது என்ற சட்டம் எந்தப் பந்துக்கும் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கரிசல்காட்டு மனிதர் இந்த வலையில் விழும்போது அவரை அறிவில்லாதவர் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவரை விழவைப்பது அவருடைய அறிவுதான். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி மானாவாரிக் காட்டில் அறிகுறி பார்க்கத் தெரியாதவன் வெள்ளாமை செய்திருக்க முடியாது. தட்டான் தாழப் பறக்கிறதா, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிறதா, எந்தத் திசையில் மின்னுகிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத்தான் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் போட்டார்கள். இந்த அறிகுறிகளுக்குப் பின்னால் காரணம் உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் அது பூச்சிக்குத் தெரியும். மழைக்கு முன்பின் தொடர்பு உண்டு. கடலின் சூடு மாதக்கணக்கில் நின்று பருவமழையைக் கூட்டும், குறைக்கும். கரிசல் மண் குடித்த தண்ணீரை நெஞ்சில் வைத்திருந்து, மழை நின்ற பிறகும் பல வாரம் செடிக்குக் கொடுக்கும். போன வருஷம் கம்மாய் நிறைந்ததா என்பது இந்த வருஷக் கிணற்றில் தெரியும். நேற்று நடந்ததைப் பார்த்து நாளையைச் சொல்வது இந்த மண்ணில் நூற்றுக்கு நூறு சரியான படிப்பு.

அந்தப் படிப்பை எடுத்துக்கொண்டுதான் அவர் சார்ட்டின் முன்னால் உட்காருகிறார். கட்டம் கட்டமாகப் போன மாத ரிசல்ட். பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுக்கிறார். சிவப்பு மையில் ஒரு வட்டம். திங்கட்கிழமை சி போர்டில் 3, வியாழக்கிழமை ஏ போர்டில் 3, எனவே சனிக்கிழமை பி போர்டில் 3. வானத்தைப் பார்த்த அதே கூர்மையான கண். ஆனால் பார்க்கப்படுகிற பொருளுக்குள் ஈரம் இல்லை, மேகம் இல்லை, மண் இல்லை. தேடுவதற்கு அங்கே ஒன்றும் வைக்கப்படவில்லை. வைக்கப்படக்கூடாது என்பதற்காகவே அந்த எந்திரத்தைச் செய்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் குலுக்கலில் விஷயம் சற்று நுணுக்கமானது. அங்கே பந்து கிடையாது. ஒரு நிரல், முதலில் கொடுத்த ஒரு விதை எண்ணிலிருந்து கணக்குப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக எண்களைத் தருகிறது. அந்த வரிசையில் சோதனைக்காக நாலு எண்ணை எடுத்துவிட்டால் ஐந்தாவதுதான் மெய்யான எண். சோதனையே நடக்காமல் இருந்தால் முதல் எண்ணே மெய்யான எண்ணாகியிருக்கும். ஆகவே சோதனைக் குலுக்கல் வந்து விழுகிற எண்ணை மாற்றியது என்று ஒருவர் சொன்னால், கண்டிப்பாக அது உண்மை. நான் மறுக்கவில்லை. பந்து எந்திரத்தில்கூட, சோதனை முடிந்து பந்துகள் வேறு இடத்தில் கிடப்பதால் மெய்யான குலுக்கல் வேறு மாதிரிதான் போகும். ஆனால் எதிலிருந்து எதற்கு மாறியது என்று யாருக்கும் தெரியாது. மாற்றத்துக்கு முன்பும் ஆயிரத்தில் ஒன்று, பின்பும் ஆயிரத்தில் ஒன்று. உங்கள் எண்ணின் பக்கமாகவோ அதற்கு எதிராகவோ அது ஒரு நூல்கூடச் சாயவில்லை. முதலிலிருந்தே தெரியாத ஒன்றுக்குப் பதிலாகத் தெரியாத இன்னொன்று வந்தால், பந்தயம் கட்டுகிறவருக்கு அதில் பிடிக்க ஒரு கொழுகொம்பும் இல்லை.

சோதனை எண்ணைத் தராவிட்டாலும், சோதனை எதைக் காப்பாற்றுகிறது என்பது முக்கியம். 1980 ஏப்ரல் 24 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று இலக்கக் குலுக்கலில் 666 வந்தது. தொலைக்காட்சியில் குலுக்கலை நடத்தித் தந்த நிக் பெர்ரி என்பவரும் கூட்டாளிகளும் சேர்ந்து, 4, 6 தவிர மற்ற எல்லாப் பந்துகளுக்குள்ளும் ஊசியால் வெள்ளைப் பெயிண்டை ஏற்றிக் கனமாக்கிவிட்டார்கள். கனத்த பந்து மேலே வராது. 4-ம் 6-ம் மட்டுமே வரும் என்றால் எட்டே எட்டு எண்கள்தான் விழ முடியும். அந்த எட்டையும் மூட்டை மூட்டையாக வாங்கியிருந்தார்கள். அப்படி வாங்கியதுதான் காட்டிக்கொடுத்தது. 1981-ல் பெர்ரிக்குத் தண்டனை கிடைத்தது. அந்தப் பந்துகளை ஊர் பார்க்க நாலு தடவை ஓட்டியிருந்தால் 4-ம் 6-மாகவே பன்னிரண்டு இலக்கமும் வந்து நின்றிருக்கும், குழந்தைகூடக் கேட்டிருக்கும். 1998-ல் அரிசோனாவின் புதிய கம்ப்யூட்டர் குலுக்கலில் 9 என்ற இலக்கம் வரவே இல்லை. நிரலில் இருந்த பிழை. போதிய தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் சந்தைக்கு வருமுன்பே தெரிந்திருக்கும். வாங்கி ஏமாந்தவர்கள்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் சோதனையையும் ஏமாற்ற முடியும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் லாட்டரிச் சங்கத்தில் எடி டிப்டன் என்பவர் தகவல் பாதுகாப்பு அதிகாரி. காவலுக்கு வைத்த ஆள். எண் தரும் நிரலுக்குள் சில வரிகளைச் சேர்த்துவிட்டார். வருஷத்தில் குறிப்பிட்ட மூன்று தேதிகளில், அதுவும் அந்தத் தேதி புதன் அல்லது சனியாக இருந்து, இரவு 8 மணிக்கு மேல் ஆனால் மட்டும், அந்த நிரல் டிப்டன் முன்கூட்டி ஊகிக்கக்கூடிய சில எண்களுக்குள் இறங்கிவிடும். மற்ற நாளெல்லாம் அது யோக்கியமாகவே ஓடும். எத்தனை சோதனை வைத்தாலும் தேறும். 2010 டிசம்பர் 29 குலுக்கலில் 1 கோடியே 65 லட்சம் டாலர் பரிசுச் சீட்டைத் தானே போய் வாங்கி, கடையின் கேமராவில் பதிவாகி, கடைசியில் 2017-ல் 25 ஆண்டு வரையான சிறைத் தண்டனை பெற்றார். விதை மூட்டையை மேலாக மட்டும் கிளறிப் பார்த்துவிட்டு வாங்கினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒரே வாசல் என்று முதலில் சொன்னேனே, அதற்கு வந்துவிட்டேன். எது சோதனை, எது மெய் என்பதை எண் விழுந்த பிறகு முடிவு செய்கிற அதிகாரம் யாரிடமாவது இருந்தால், அங்கே எல்லாம் கெட்டது. எண் வந்தது, பிடிக்கவில்லை, அது சோதனைதான் என்று சொல்லி மறுபடி ஓட்டலாம். பிடித்த எண் வந்ததும் இதுவே மெய் என்று நிறுத்தலாம். பந்து நேர்மையானது, காற்று நேர்மையானது, தேர்ந்தெடுத்தது மட்டும் மனிதன். எந்தக் கணிதமும் இதைத் தடுக்காது. பகிரங்கம் ஒன்றுதான் தடுக்கும்.

இதை நம் முன்னோர் தெளிவாக அறிந்திருந்தார்கள். பரிசுக்காக அல்ல, ஊராட்சிக்காக. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கக் குடவோலை முறை. அந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளுக்கும் தனித்தனியாகத் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போட வேண்டும். சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும், ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லாரும் பார்க்கும்படி குடத்தை உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் பிரித்துப் போட்டுக் குலைத்து, மறுபடி அந்தச் சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். கைக்குள் இன்னொரு ஓலையை ஒளித்து வைத்திருக்கவில்லை என்பதை ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக, விரல் இருக்க வேண்டிய நிலையைக்கூடக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் வாசித்த பிறகு நம்பிமாரும் வாசிக்க வேண்டும், அதன் பிறகே பெயரை எழுதிக்கொள்வார்கள். பிடிக்காத பெயர் வந்தால் இது சோதனை என்று தள்ளிவிட அங்கே இடமே இல்லை.

இன்றைக்கும் அதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். லாட்டரி நடத்தும் அரசு எதுவாக இருந்தாலும், எத்தனை சோதனை ஓட்டுவோம் என்பதை ஓட்டுமுன் சொல்கிறதா? சோதனையில் வந்த எண்களையும் வெளியிடுகிறதா? சோதித்த எந்திரமும் மெய்யான குலுக்கல் நடந்த எந்திரமும் ஒன்றுதானா, இரண்டுக்கும் நடுவே யார் கை பட்டது? குலுக்கல் முடிந்தபிறகு மறுபடி ஒரு சோதனை ஓட்டிப் பார்க்கிறார்களா? நான் மனதார விரும்புவது, வெளியிட்ட சோதனை எண்களை நம் பிள்ளைகள் பள்ளியில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது. ஆயிரம் குலுக்கலை எடுத்து, ஒவ்வொரு இலக்கமும் எத்தனை தடவை வந்தது என்று கோடு போட்டு எண்ணினால், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நிகழ்தகவு எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாகப் புரியும். எந்திரத்தில் கோளாறு இருந்தால் அதையும் அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

துண்டுத்தாள் ஆட்டத்துக்கு இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடப் பொருந்தாது. கேரளத்தில் விழும் எண்ணைத் தாள் எழுதுகிறவரால் மாற்ற முடியாது என்பது உண்மைதான். மாற்ற வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அமெரிக்க மாநிலங்களில் அரசே நடத்தும் மூன்று இலக்க ஆட்டத்தில், 1 டாலர் கட்டிச் சரியாகச் சொன்னவருக்கு வழக்கமாக 500 டாலர். வாய்ப்போ ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் பேர் ஆயிரம் டாலர் கட்டினால் ஐந்நூறு திரும்பி வருகிறது, பாதி போய்விடுகிறது. அரசு கணக்குக் காட்டி நடத்துவதிலேயே இந்த நிலை. எண் எப்படி விழுந்தாலும் நடத்துகிறவர் பக்கம் பணம் சேரும்படிதான் பரிசுத் தொகையையே வைத்திருக்கிறார்கள். சொந்தமாகவே எண் எடுத்துச் சொல்லும் மட்கா வகை ஆட்டத்தில் இதுகூடக் கிடையாது. எந்த எண்ணில் பணம் குறைவாக விழுந்திருக்கிறது என்று நோட்டைப் பார்த்துவிட்டு எடுக்கிறவர் கையில், சோதனை என்றும் மெய் என்றும் இரண்டு குலுக்கல் இருக்காது.

இன்னும் ஒன்று. கேரள அரசின் சீட்டில் பரிசு விழுந்து பணம் வராமல் போனால், அந்தச் சீட்டோடு அரசின் வாசலுக்குப் போய் உரிமையாகக் கேட்கலாம். துண்டுத்தாளை வைத்திருப்பவருக்கு அந்த வழியும் இல்லை. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-வது பிரிவு. அவர் எண்ணே சரியாக விழுந்து, தாள் எழுதியவர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், வழக்குப் போட எந்த நீதிமன்றமும் இல்லை. போலீசுக்குப் போனால் முதலில் பதிவாவது இருவர் பெயரும்தான்.